ஒரு சாண் மரத்து நிழல்

தேரிக்காட்டுச் செம்மண் வெயிலில் காய்ந்து, காய்ந்ததெல்லாம் காற்றில் பறந்து, பறந்ததெல்லாம் கடைசியில் சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து விழுகிற நடுத்தேரிவிளை என்ற ஊரில் சுயம்புக்கனி என்று ஒரு பிள்ளைக்காரி இருந்தாள். அவள் ஊமை இல்லை. சொல்ல வேண்டிய வார்த்தை அவளுக்கும் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்து, நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்து, உதடு வரைக்கும் வந்துவிடும். வந்ததும் வெளியே நிற்கிற ஆளை எட்டிப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விடும். துவரம்பருப்பு வாங்கப் போனவளைப் பார்த்துக் கடைக்காரர், “என்ன பிள்ள, மிளகாவத்தல்தான?” என்று கேட்டுவிட்டால் போதும், தலையை ஆட்டி வத்தலோடு வீட்டுக்கு வந்துவிடுவாள், அந்த வாரம் பூராவும் அந்த வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் குழம்பு ஊற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் குழம்பு ஊற்றிக்கொள்ள அவளும் அவள் மாமியார் பட்டம்மாளும்தான். புருஷன் சூரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றான். பட்டம்மாள் மருமகள் பேசாத பேச்சையும் சேர்த்துத் தானே பேசுகிறவள் என்பதால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் என்று யாரும் சொன்னது கிடையாது. மூன்றாவது ஆள் மிருதுளா. பல் முளைக்காத, தவழப் பழகிய, பேருக்கும் தொண்டைக்கும் சம்பந்தமே இல்லாத பெண்குழந்தை. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு அது; வெயில் ஏற ஏற கூரை தோசைக்கல்லாகிவிடும், அதற்குக் கீழே சேலைத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை ஒரு மத்தியானம்கூடத் தூங்கினது இல்லை. தூங்காத பிள்ளை அழும். மிருதுளா அழுதால் தெருக்கோடி டீக்கடையில் பால் திரிந்துவிடும், டீக்கடைக்காரர் கறுப்புக் காப்பிதான் போடுவார். பிள்ளை தூங்கவில்லை என்றால் தாய்க்கும் தூக்கம் இல்லை. சுயம்புக்கனிக்குச் சாமியிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது: என் பிள்ளை ஒரு மத்தியானம் தூங்கணும். சாமியிடம் கேட்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் செல்போனில் படம் பார்ப்பாள், சத்தம் வைக்காமல். அப்படி ஒருநாள் யாரோ ஒரு பெண் தட்டு மாதிரியான சட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு மரம் வளர்ப்பதைப் பார்த்தாள். செடி இல்லை, மரம். கிழட்டு மரத்துக்கு உள்ள பட்டை வெடிப்பும் வளைவும் எல்லாம் இருந்தது, ஆனால் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சலாம் போல இருந்தது. இந்த மாதிரி மரம் நம்ம ஊரிலேயே கிடக்கிறதே என்று அவளுக்கு உடனே தோன்றியது. குளத்துக்கரை முடிந்து செம்மணல் தேரி தொடங்குகிற இடத்தில், கோயில்பிச்சையின் ஆடுகள் போகும்போது ஒரு கடி வரும்போது ஒரு கடி என்று வருசக்கணக்காகக் கடித்துக் கடித்து, மேலே வளரவிடாமல் வைத்த முள்மரங்கள் நிற்கின்றன; முழங்கால் உயரம்கூட இருக்காது, அடிமரம் மட்டும் ஆள் கை பருமனுக்கு உருண்டு திரண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த செல்போன் பெண் கம்பி கட்டி, கத்தரி வைத்து வெட்டிப் பாடுபட்டு வரவழைத்ததை இங்கே ஆடுகள் சும்மா போகிற போக்கில் செய்துவைத்திருந்தன.

மழை பெய்து மண் இளகிய மறுநாள் சுயம்புக்கனி கடப்பாரையோடு போனாள். மரத்தைச் சுற்றி வட்டமாகத் தோண்டி, ஆணிவேரை அரிவாளால் நறுக்கி, சல்லிவேரெல்லாம் மண்ணோடு வர ஈரச்சாக்கில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அடியில் விரிசல் விட்ட மீன்குழம்புச் சட்டி ஒன்று கிடந்தது. தண்ணீர் தங்காமல் ஓட அதைவிட நல்ல சட்டி எது? தேரி மண்ணும் செங்கல்பொடியும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து போட்டு மரத்தை உட்கார வைத்தாள். ஒரு கொம்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றதை, பாதியில் நிற்கிற பக்கத்து வீட்டுக் கட்டடத்திலிருந்து கட்டுக்கம்பி எடுத்துவந்து வளைத்துக் கட்டினாள். நுனிகளை மிருதுளாவின் நகம்வெட்டியால் வெட்டினாள்.

“மீன்குழம்புச் சட்டியில முள்ளு வளக்காளாம்,” என்றாள் பட்டம்மாள். “ஊருல எல்லாரும் வெளியக் கெடக்க முள்ள வெட்டி எறியுதாவ, எம் மருமவ வெளியக் கெடந்த முள்ள வீட்டுக்குக் கூட்டியாந்து சோறு போடுதா.”

கொஞ்ச நாள் அது செத்த மாதிரி கிடந்தது. பிறகு முறுக்கின கொம்பிலிருந்து பொடிப்பொடியாய் இலை விட்டது, இலையோடு இலையாய் வெள்ளை முள்ளும் விட்டது. இனி வெயில் தாங்கும் என்று நினைத்து சுயம்புக்கனி ஒரு காலையில் சட்டியை முற்றத்துத் துணி துவைக்கிற கல்லின் மேல் கொண்டு வைத்தாள். வைத்த உடனே நிழல் விழுந்தது.

சாண் மரத்துக்குச் சாண் நிழல்தான் விழ வேண்டும். இந்த மரத்துக்கு, ஆடு கடிக்காமல் விட்டிருந்தால் இத்தனை வருசத்தில் எவ்வளவு வளர்ந்திருக்குமோ அவ்வளவு நிழல் விழுந்தது. கல்லிலிருந்து புறப்பட்டு முற்றத்தை மூடி, ஷீட் கூரையில் ஏறி அதையும் மூடி, சந்து தாண்டிப் பக்கத்து வீட்டு வத்தல் காய்கிற பாயின் பாதிவரைக்கும் போய் நின்றது. கூரை டப் டப் என்று சத்தம் போட்டுக் குளிர்ந்தது. உள்ளே தொட்டிலில் அழத் தயாராகி வாயைத் திறந்த மிருதுளா, திறந்த வாயோடேயே தூங்கிப்போனாள்.

பட்டம்மாள் வெளியே வந்து முற்றத்தில் காலை வைத்தவள், “அம்மாடி!” என்று ஒற்றைக் காலில் குதித்தாள். உள்ளங்காலில் ஒரு பொட்டு ரத்தம். குனிந்து தேடினால் தரையில் முள் எதுவும் இல்லை, முள்ளின் நிழல்தான் கிடந்தது. நீளமாய், கூர்மையாய், ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. அதன் மேலே காலை வைத்தால் குத்தியது.

“நிழல் விழுதுன்னு தெரியுதுல்லா, கூட்டிப் பெருக்கிப் போடக்கூடாதாட்டி?” என்று மருமகளைத் திட்டிவிட்டு, தானே விளக்குமாறு எடுத்துப் பெருக்கிப் பார்த்தாள். நிழல் அசையவில்லை. சரி என்று செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அதோடு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மற்ற ஊர்களில் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவார்கள், சுயம்புக்கனி வீட்டு முற்றத்தில் நுழையும்போது செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். செருப்பு இல்லாதவர்கள் சந்து முனையில் நின்று, “ஏ பட்டு, ஒரு சோடி செருப்பு எறியேன்,” என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏனென்றால் எல்லாரும் வந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரி வத்தல் காயவில்லை என்று சண்டை போட வந்தாள், வந்தவள் நிழலில் நின்று திட்டினாள், நின்று திட்டக் கால் வலிக்கிறது என்று சாக்கை விரித்து உட்கார்ந்து திட்டினாள், பாதித் திட்டில் தூங்கிவிட்டாள். அடுத்த நாள் அவளே தலையணையோடு வந்தாள். பீடி சுற்றுகிற பெண்கள் இலையும் தூளும் வைத்த சுளகோடு வந்தார்கள். டீக்கடைக்காரர் பால் திரியாத சந்தோசத்தில் தூக்குச்சட்டியில் டீ கொண்டு வந்தார். விரிக்கிற சாக்கு தடிமனாக இருந்தால் முள் நிழல் முதுகில் குத்தாது, ஒற்றைப் பாய் என்றால் லேசாகக் குத்தும், அது நரம்புக்கு நல்லது என்று ஒருவர் சொல்லிவிட்டதால் வயதான இரண்டு மூன்று பேர் வேண்டுமென்றே ஒற்றைப் பாயில் படுத்தார்கள்.

ஆடுகளும் வந்தன. கோயில்பிச்சை வழக்கமான வழியில்தான் ஓட்டிக்கொண்டு போனார், ஆடுகள்தான் திரும்பி முற்றத்துக்குள் நுழைந்து நிழலை மேயத் தொடங்கின. மேய்ந்த இடமெல்லாம் நிழலில் ஓட்டை விழுந்து, ஓட்டை வழியே வெயில் காசு காசாய் இறங்கியது.

“ஏ கோயில்பிச்சை! உம்ம ஆடு எங்க வீட்டு நெழலத் திங்குது, ஓட்டும்வே!” என்று கத்தினாள் பட்டம்மாள்.

“திங்கட்டும் மதினி. இந்த மரம் எங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஆடு கடிச்ச மரம்தான் இது. பாதி நெழல் எங்களுக்குத்தான் வரணும்.”

ஆனாலும் ஓட்டிக்கொண்டு போனார். கடிபட்ட நிழல் மறுநாள் காலைக்குள் துளிர்த்து மூடிக்கொண்டது.

இவ்வளவு நடக்கும்போதும் சுயம்புக்கனி யாரோடும் பேசவில்லை. மிருதுளா தூங்கினாள், அவளும் தொட்டிலுக்குக் கீழே தூங்கினாள். எழுந்ததும் சட்டி மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல நாட்கள் வந்தது இல்லை. அது ஊர்த் தலைவர் சிவனணைந்தபெருமாள் காதுக்குப் போகிற வரைக்கும்.

தலைவருக்கு ஒரு மனவருத்தம் உண்டு. ஊருக்கு அவர் பாடுபட்டு ஒரு பஸ்ஸ்டாப் கொட்டகை கொண்டுவந்திருந்தார், கட்டியவர்கள் திசை பார்க்காமல் கட்டியதால் அதன் நிழல் காலையில் பின்னாலிருந்த சுவரிலும், மாலையில் ரோட்டுக்கு அந்தப் பக்கமும், மத்தியானம் அதன் கூரை மேலேயே தனக்குத் தானே விழுந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மேலே மட்டும் என்றைக்கும் விழுந்தது இல்லை. அவர் வந்தார், செருப்போடுதான் வந்தார், நிழலில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

“நல்ல காரியம் பண்ணியிருக்க பிள்ள. ஊருக்கு ஆகட்டும்னு வளத்திருக்க. பஸ்ஸ்டாப்புல கொண்டு வைக்கட்டுமா?”

சுயம்புக்கனிக்கு மாட்டேன் என்ற வார்த்தை வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, உதட்டுக்கு வந்து, தலைவரின் மீசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. தலை தானாக ஆடிவிட்டது.

பட்டம்மாள் அந்த நேரம் பார்த்து ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

மரத்தைத் தலைவரே தலையில் சுமந்து போனார். அவர் நடக்க நடக்க நிழலும் நடந்தது. வீடுகள் மேலும் கிணற்று மேலும் கோயில் கோபுரம் மேலும் ஏறி இறங்கிப் போனது, நிழலை விட்டு விலகாமல் ஊர்ச்சனம் சாக்கும் தலையணையும் சுளகுமாய்க் கூடவே போனது, பின்னால் ஆடுகள் போயின. பஸ்ஸ்டாப்பில் சட்டியை வைத்ததும் அந்தப் பக்கம் பூராவும் குளிர்ந்தது. அன்றைக்கு வந்த பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. நிழலை விட்டு எழுந்து போக யாருக்கும் மனசு இல்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்க இறங்கின கண்டக்டர் திரும்பிப் போகவில்லை, கண்டக்டரைக் கூப்பிட இறங்கின டிரைவரும் போகவில்லை. அடுத்த பஸ் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் எல்லாரும் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

வீட்டில் மிருதுளா அழுதாள். டீக்கடையில் பால் திரிந்தது.

பஸ்ஸ்டாப்பில் மரத்தின் மேல் எல்லாருக்கும் பிரியம் அதிகமாகிவிட்டது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டார்கள், கையில் தண்ணீர் இல்லாதவர்கள் மீதி டீயை விட்டார்கள், ஒருத்தர் வெயிலுக்குக் குடிக்கட்டும் என்று கலர் சோடா விட்டார். இலை பழுத்து உதிர்ந்தது. மேலே ஒரு இலை உதிர்ந்தால் கீழே நிழலில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கிழிசல். தலைவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுயம்புக்கனியிடம் வந்தார்.

“வாடுது பிள்ள. நீ ஒண்ணு செய். சாயங்காலம் பொழுது அடஞ்ச உடனே கொண்டாந்து தாரோம், ராத்திரி பூரா நீயே வச்சுக்க, நல்லா வளத்து விடு, காலையில வந்து எடுத்துக்கிடுதோம்.”

அப்போது பட்டம்மாள் வீட்டில் இருந்தாள்.

“ராத்திரி நெழல வச்சு நாங்க என்ன அண்ணாச்சி பண்ண, இருட்டுக்குள்ள தேடிக்கிட்டு இருக்கவா? பகல்ல வச்சுக்கிடுதது நீங்க, ராத்திரி பாடுபடுதது எம் மருமவளா? கருவமரத்துக்குப் பால் குடுக்க ஆளு வச்சிருக்கியளா?”

தலைவர் சட்டென்று திரும்பினார். “என்ன மரம்னு சொன்ன?”

பட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேசுகிறவர்களுக்கு வருகிற ஆபத்து அதுதான்.

ஏனென்றால் அந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. குளத்துக்குள்ளே நிற்கிற கருவமரம், அதாவது கருவேலம், எல்லாம் ஊர்ச்சொத்து, தேரியில் நிற்கிற உடைமரம் எடுத்தவர்களுக்குச் சொந்தம். குளத்தில் உடை முளைக்காது, தேரியில் கருவேல் முளைக்காது, அதனால் மரம் எங்கே நின்றது என்று யாரும் கேட்பது இல்லை, எந்த மரம் என்று கேட்டாலே போதும். இந்த ஒரு மரம் மட்டும் இரண்டுக்கும் நடுவில், குளம் முடிந்து தேரி தொடங்குகிற இடத்தில் நின்று தொலைத்துவிட்டது.

ஊர்க்கூட்டம் கூடியது. வேறு எங்கே கூட முடியும், நிழலில்தான் கூடியது. சட்டியை நடுவில் வைத்து எல்லாரும் செருப்போடு சுற்றி உட்கார்ந்தார்கள். சுயம்புக்கனி பிள்ளையோடு கதவுக்குப் பின்னால் நின்று சந்து வழியாகப் பார்த்தாள். கோயில்பிச்சையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“சீமைக்கருவேல் இல்லங்கிறது நிச்சயம்,” என்றார் கோயில்பிச்சை. “சீமைக்கருவேல் எலைய எங்க ஆடு மோந்துகூடப் பாக்காது. மீதி ரெண்டுல ஒண்ணுதான். உடைன்னா மேல கொடை விரிச்ச மாதிரி தட்டையா இருக்கும். நீளமுள்ளுக்கு நடுவுல கொக்கி மாதிரி குட்டைமுள்ளும் கெடக்கும்.”

“இது கொடை மாதிரிதான இருக்கு?” என்றாள் பட்டம்மாள்.

“ஆடு கடிச்சா தென்னங்கன்னும் கொடை மாதிரிதான் இருக்கும் மதினி.”

“முள்ளு? குட்டைமுள்ளு இருக்கா?” என்றார் தலைவர்.

கோயில்பிச்சை மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். “எல்லாமே குட்டைமுள்ளாத்தான் இருக்கு. மரமே குட்டையா இருந்தா நான் எதக் குட்டைன்னு சொல்லுவேன், எத நெட்டைன்னு சொல்லுவேன்?”

“அப்ப எப்படித்தான்வே கண்டுபிடிக்க?”

“பூக்கணும் அண்ணாச்சி. கருவேல் மஞ்சளாப் பூக்கும், உடை வெள்ளையாப் பூக்கும். அதுல ஏமாத்து கெடையாது.”

தீர்ப்பு அப்படியே ஆயிற்று. மஞ்சள் பூத்தால் பஸ்ஸ்டாப்புக்கு, வெள்ளை பூத்தால் சுயம்புக்கனிக்கு. பூக்கிற வரைக்கும் அவளே வளர்க்கட்டும், வேறு யார் கையில் கொடுத்தாலும் கலர் சோடா ஊற்றிக் கொன்றுவிடுவார்கள்.

மரம் வீட்டோடு தங்கியது. ஈரம் பார்த்து, அழுகின வேரை நறுக்கி, புதுமண் போட்டதில் அது பிழைத்துக்கொண்டது. மிருதுளா மத்தியானம் தூங்கினாள். சுயம்புக்கனிதான் தூங்கவில்லை. அவளுக்கும் அது என்ன மரம் என்று தெரியாது, தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது. அதனால் எந்த நுனியில் பச்சையாய் ஒரு உருண்டை திரண்டாலும், யாரும் பார்க்காத நேரம் நகம்வெட்டியால் கிள்ளி, முந்தானையில் முடிந்து, அடுப்பில் போட்டாள். பூக்காத வரைக்கும் மரம் தன்னிடம்தானே இருக்கும்.

அந்த மரத்தில் கொம்பும் இலையும்தான் சிறுத்திருந்தன, மொட்டுச் சிறுக்கவில்லை. பெரிய மரத்து மொட்டு எவ்வளவோ அதே அளவு மொட்டுதான் சாண் மரத்திலும் திரண்டது. அதனால் நிழலில் அது பறங்கிக்காய் அளவுக்கு விழுந்தது. முற்றத்தில் தினமும் படுத்துக் கிடக்கிற ஊருக்கு அது தெரியாமல் போகுமா?

“நேத்து என் தலமாட்டுல ஒரு பறங்கிக்கா கெடந்துச்சே, எங்க?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“காத்துல உதுந்துட்டு,” என்றாள் பட்டம்மாள். விசயம் அவளுக்குத் தெரியும். அடுப்பு அவளும் மூட்டுகிறவள்தானே.

“காத்தே இல்லியே!”

“உள்காத்து.”

இரண்டாவது பறங்கிக்காயும் மூன்றாவது பறங்கிக்காயும் உள்காற்றில் உதிர்ந்த பிறகு தலைவர் காவல் போட்டார். இனி ஒரு மொட்டுத் திரண்டால் அது விரிகிற வரைக்கும் ஊரே சுற்றி உட்கார்ந்து கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும், தாமும் பார்ப்பதாகச் சொன்னார். மொட்டுத் திரண்டது. காலையிலேயே எல்லாரும் வந்து, கோயில்பிச்சை ஆடுகளைத் தூரத்தில் கட்டிவிட்டு வந்து, டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்து மொட்டைப் பார்த்தார்கள். தலைவர் நடுவில், சட்டிக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நிழலில் விழித்திருந்தவர்கள் என்று யாரும் அதுவரை கிடையாது. வெயில் ஏறியது. கூரை டப் டப் என்றது. உள்ளே மிருதுளாவின் கண் சொருகியது, வெளியே பீடிக்காரப் பெண்களின் கண் சொருகியது, டீக்கடைக்காரர் சாய்ந்தார், கோயில்பிச்சை அவர் மேலே சாய்ந்தார், தலைவர் உட்கார்ந்தபடியே மீசை மட்டும் ஏறி இறங்கத் தூங்கினார். காவலுக்கு வந்த ஊர் முழுவதும் குறட்டை விட்டது. அந்த நேரத்தில்தான் முற்றத்தில் பறங்கிக்காய் நிழல் மெல்ல உடைந்து, இலவம்பஞ்சு வெடித்த மாதிரி நூல் நூலாய் விரிந்து, தூங்குகிறவர்கள் முகத்தின் மேலெல்லாம் பஞ்சாய்ப் படர்ந்தது.

சுயம்புக்கனி கதவைத் திறந்து வெளியே வந்தாள். நிழலில் நிறம் ஏது, அது கறுப்பாகத்தான் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆட்களை ஒவ்வொருவராய்த் தாண்டி, சட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

மஞ்சள். தாலிக்கயிற்றுக்குப் பூசுகிற மஞ்சள் மாதிரி, கொஞ்சம்கூடச் சந்தேகத்துக்கு இடம் இல்லாத மஞ்சள்.

கிள்ளிவிடலாம், ஆனால் இத்தனை பெரிய நிழல் முகத்திலிருந்து விலகினால் தலைவர் விழித்துவிடுவார், மஞ்சள் பூத்ததால்தான் கிள்ளினாள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும். உள்ளே ஓடினாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் மிருதுளாவின் பவுடர் டப்பா இருந்தது. அதை எடுத்து வந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிக் கழுத்து மடிப்பில் ஒற்றுகிற அதே கையால், பஞ்சை முக்கி முக்கி, பூவுக்கு நோகாமல் ஒற்றினாள். முன்பக்கம் வெளுத்தது, மேல்பக்கம் வெளுத்தது. பின்பக்கம் திருப்பப் போகும்போது கொஞ்சம் பவுடர் பறந்து தலைவரின் மூக்குக்குள் போனது.

தலைவர் தும்மினார். அவர் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை. கொட்டகை திறப்பு விழாவில் ஒரு தும்மலில் ரிப்பனையே அறுத்தவர். பூவிலிருந்த பவுடர் மொத்தமும் மேகமாய் எழும்பி, எழுந்து உட்கார்ந்த ஊரின் தலையிலும் முகத்திலும் இறங்கியது. எல்லாரும் வெள்ளையாக இருந்தார்கள். பூ மட்டும் மஞ்சளாக இருந்தது. அதற்கு முன்னால் சுயம்புக்கனி ஒரு கையில் பஞ்சும் ஒரு கையில் டப்பாவுமாக நின்றாள்.

பட்டம்மாள் முந்தானையால் தன் முகத்துப் பவுடரைத் துடைத்தாள்.

தலைவர் பூவைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். தாம் உட்கார்ந்திருந்த சாக்கைப் பார்த்தார். அவருக்கு பஸ்ஸ்டாப் ஞாபகம் வந்தது, ஹாரன் ஞாபகம் வந்தது, எழுந்து ஓடினது ஞாபகம் வந்தது. இங்கே ஹாரன் இல்லை. சுற்றிலும் பார்த்தார், எல்லார் முகத்திலும் தலையணைத் தடம் இருந்தது.

“கோயில்பிச்சை,” என்றார் மெதுவாக. “நீரு விசயம் தெரிஞ்ச ஆளு. பாத்துச் சொல்லும். இது என்ன நெறம்?”

கோயில்பிச்சை எழுந்து வந்தார். பூவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், விரலால் தொட்டு, விரலில் ஒட்டின மஞ்சள் பொடியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் தோளையும் ஒருதரம் பார்த்தார், அதைவிட நல்ல தலையணை அவருக்கு வாய்த்தது இல்லை.

“வெள்ளை,” என்றார்.

“எனக்கும் அப்படித்தான் தெரியுது,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“பால் மாதிரில்லா இருக்கு,” என்றார் டீக்கடைக்காரர்.

“அப்ப உடைதான்!” என்று பட்டம்மாள் கையைத் தட்டிக் குலவை போட வாயைத் திறக்க, மற்றவர்களும் கைதட்டத் தொடங்க, உள்ளே தொட்டில் ஒரு அசை அசைந்தது. சுயம்புக்கனிக்கு வயிற்றிலிருந்து ஒரு வார்த்தை கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது, வெளியே எட்டிப் பார்த்தது. தலைவர், மீசை, ஊர், தூரத்தில் ஆடு எல்லாம் நின்றது. திரும்பிப் போகவில்லை.

“சத்தம் போடாதீங்க,” என்றாள். “பிள்ள தூங்குதா.”

குலவை பட்டம்மாள் வாய்க்குள்ளேயே நின்றது. ஊர் அப்படியே கையைக் காற்றில் நிறுத்தி, சாக்குகளில் திரும்ப மெல்லப் படுத்தது. தலைவர் மட்டும் சட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்து, அவளைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கைகாட்டி, காதோடு காதாகச் சொன்னார்:

“இங்கன கொஞ்சம் மஞ்சளாத் தெரியுது பாரு பிள்ள. இன்னும் ஒரு ஒத்து ஒத்து.”